டிஸ்சார்ஜ் கவுன்டரில் வேக வாரம்

சுவிட்ச் இருக்கும் இடத்தில் மீட்டர்காரரின் கை சும்மா இருக்காது. இதை அவர் மனைவி கல்யாணமான முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். மின்சார ஆபீஸில் வேலை பார்த்து, ஆயுசு முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் கணக்கெடுத்தவர். ஊரார் வீட்டில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தாலே அவருக்கு நெஞ்சு எரியும். தன் வீட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். "ரூமை விட்டு இவர் வெளியே போனா நான் இருட்டுல உக்காந்திருப்பேன். நான் உள்ள இருக்கறது இவருக்கு ஞாபகம் இருக்காது. சுவிட்ச் இருக்கறது ஞாபகம் இருக்கும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஆகவே மனைவி படுத்திருந்த ஆஸ்பத்திரியில், அன்று சாயங்காலம் டிஸ்சார்ஜ் கவுன்டருக்கு வெளியே அவர் செய்த காரியத்தில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை.

அன்று மத்தியானம்தான் டாக்டர் அவரை வார்டுக்கு வெளியே அழைத்துப் பேசியிருந்தார். "இனிமே எங்ககிட்ட செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போகணும்னு அவங்க கேக்கறாங்க. போகட்டும். காலையில டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கிட்டு ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போங்க. தள்ளிப் போடாதீங்க." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது டாக்டர் தரையைப் பார்த்தார். மீட்டர்காரரும் தரையைப் பார்த்தார்.

மனைவிக்கு வேறு ஆசை கிடையாது. முன் அறை ஜன்னலோரம் இருக்கும் தன் கட்டிலில் படுக்க வேண்டும். "எதிர் வீட்டுக்காரி புருஷனைத் திட்டறதைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! இங்க எல்லாரும் மெதுவாப் பேசறாங்க. பயமா இருக்கு" என்றாள்.

சீட்டு எங்கே வாங்குவது என்று பார்த்துவைத்துக்கொள்ள அவர் கீழே வந்தபோது கவுன்டர் சாத்தியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் திரைமேல் பூப்போட்ட துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்டது. ஆளில்லை, வேலையில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு சுவரை இடித்துக் கட்டியபோது அந்த மேஜைக்கான சுவிட்ச் போர்டு மட்டும் கவுன்டருக்கு வெளியே, காத்திருப்பவர்களின் பெஞ்சுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. அதை உள்ளே மாற்றுவது யார் பொறுப்பு என்று கட்டடப் பிரிவும் மின்பிரிவும் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன.

மீட்டர்காரர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். கையை நீட்டி 'டக்'கென்று அணைத்தார். விசிறி இரைச்சல் மெல்ல இறங்கி அடங்கியது. இத்தனை நாள் மனைவியைப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிக்குத் தன்னால் ஆன உதவி என்று நினைத்துக்கொண்டு மாடியேறினார்.

காலையில் பெஞ்சில் முதல் ஆள் அவர்தான். தலைக்கு மேலே புதிதாக ஒரு பேனர் கட்டியிருந்தார்கள்: 'வேக வாரம். வேகமே கருணை.' மனைவிக்குச் சேலை மாற்றித் தலைவாரி விட்டிருந்தாள் நர்ஸ். ஆம்புலன்ஸ்காரர் ஆக்சிஜன் சிலிண்டரை ஏற்றிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். சீட்டு ஒன்றுதான் பாக்கி.

கவுன்டர்காரம்மா வந்தாள். பையை மாட்டினாள். கிளிக்கூண்டைத் திறப்பவள் மாதிரி துண்டை மெதுவாக எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். பிறகு ஓடிவந்து வெளியே இருந்த போர்டைப் பார்த்தாள்.

"ஐயய்யோ! எந்தக் கட்டையில போற கை இதுல பட்டுச்சு?"

மீட்டர்காரர் தன் கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"யாரோ அணைச்சுட்டாங்கய்யா."

"அணைச்சா என்ன? மறுபடி போட்டா எரியாதா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இது பல்பு இல்லய்யா. ஆஸ்பத்திரி" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அது சுற்றி ஓய்ந்ததும் ஆஸ்பத்திரியின் சின்னம் வந்தது. பிறகு நிர்வாகப் பிரிவின் 'வருகைக் காவலன்' விழித்துக்கொண்டு, நாற்காலியில் இருப்பது கவுன்டர்காரம்மாதானா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தது. அவள் கவலையாக இருந்ததால் அதற்கு அடையாளம் தெரியவில்லை. 'சிரிக்கவும்' என்றது. அவள் பல்லைக் காட்டினாள். சுகாதாரப் பிரிவு, கை கழுவுவது எப்படி என்று படம் போட்டுக் காட்டியது; நடுவில் கண்ணை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும் படம் அது. மின்சிக்கனப் பிரிவின் சாஃப்ட்வேர், இந்தக் கம்ப்யூட்டர் நேற்று எவ்வளவு மின்சாரம் மிச்சம் பிடித்தது என்று கணக்குப் போட்டது. இதுவரை மிச்சமே காணாத அதற்குத் திடீரென்று மிச்சம் வந்ததால் நம்பிக்கை வரவில்லை. மறுபடி போட்டது. மறுபடியும் போட்டது. பாதுகாப்புப் பிரிவில் பழைய அதிகாரி வைத்துவிட்டுப் போன காவல் சாஃப்ட்வேர் ஒன்றும், புது அதிகாரி வைத்த காவல் சாஃப்ட்வேர் ஒன்றும் எழுந்து, ஒன்றை ஒன்று திருடன் என்று பிடித்துக்கொண்டன. அந்தச் சண்டை ஓயும்வரை மவுஸின் அம்பு நகராது.

"அது என்னம்மா, ஒரு பிரிண்டர் படம் வந்து வந்து போகுது?"

"அதுவா? பழைய பிரிண்டரோட சாஃப்ட்வேர். பிரிண்டரைக் காயலான் கடைக்குப் போட்டாச்சு. இதுக்கு யாரும் சொல்லல. எப்ப எழுந்தாலும் அதைத் தேடும். எல்லா மாடியிலயும் தேடிட்டு, 'காணவில்லை, மீண்டும் தேடட்டுமா?'ன்னு என்னைக் கேக்கும். வேணாம்னு சொல்லவும் விடாது. ஆமாங்கற பட்டன் மட்டும்தான் இருக்கு."

மீட்டர்காரர் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வேலைக்கு இதெல்லாம் வேணுமாம்மா?"

"என் வேலைக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. சீட்டு அடிக்கற சாஃப்ட்வேர். அது கடைசிலதான் வரும். எல்லாரும் கால நீட்டி உக்காந்த பிறகு வந்து, ஓரமா நிக்க இடம் கேக்கும்."

"மத்ததை எல்லாம் தூக்கிப் போட்டா?"

"போட்டேனே ஒரு தடவை. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள திறந்துடுச்சு. உடனே விசாரணை. இவ்வளவு சீக்கிரம் திறக்கறது நம்ம ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரா இருக்க முடியாதாம். வெளியாள் யாரோ மாத்தி வச்சிருக்கணுமாம். மெஷினையும் என்னையும் தனித்தனியா உக்காரவச்சுக் கேள்வி கேட்டாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதிலேருந்து எதையும் தூக்கறதில்ல, மெஷினை அணைக்கறதும் இல்லய்யா. தினம் அணைக்கணும்னுதான் ரூல். நாங்க துண்டைப் போத்திட்டுப் போயிடுவோம். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான். அவர் ரிட்டயர் ஆனப்போ எங்கிட்ட சாவியைக் கொடுக்கல. இந்தத் துண்டைத்தான் கொடுத்தார்."

மீட்டர்காரர் எழுந்து கண்ணாடியருகே வந்தார். "கையால எழுதித் தர முடியாதா தாயி? மேல ஒரு உசிரு கிளம்பிக் காத்திருக்கு."

"எழுதித் தருவேன். கேட்டுல இருக்கற மெஷின் கையெழுத்தைப் படிக்காது. சீட்டுல கட்டம் கட்டமா ஒரு படம் இருக்கும். அதைப் படிச்சாத்தான் தடுப்புக் கம்பி தூக்கும். செக்யூரிட்டி பாவம், அவருக்கே வண்டியை எடுத்துட்டு டீ குடிக்கப் போகணும்னா சீட்டு வேணும்."

அவர் மாடியேறிப் போய், "கொஞ்ச நேரம்தான்" என்றார். மனைவி தலையை அசைத்தாள். "அவசரம் இல்ல" என்றாள். அவளுடைய மூச்சு அப்படிச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது கவுன்டரில் ஒரு இளைஞர் நின்றிருந்தார். கழுத்தில் அட்டை, கையில் ஓட்டப்பந்தயத்துக்குப் பிடிக்கும் கடிகாரம். வேகப் பிரிவின் அதிகாரி. கவுன்டர்காரம்மா சொன்ன புகாரைக் கேட்டு அவர் முகம் சுளித்தார்.

"மெதுவா இருக்குன்னு சொல்லாதீங்கம்மா. அந்த வார்த்தையை நாங்க எடுத்தாச்சு. 'நிதானமான தொடக்கம்'னு சொல்லணும்."

"நிதானத்துக்குக் காரணம் என்னன்னு பாத்தீங்களா சார்?"

"பாக்காம? அதுக்குன்னே வேகமானின்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டோமே. ராத்திரி பகலா ஓடுது."

"அது என்ன சொல்லுது?"

"தேவையில்லாத சாஃப்ட்வேர் நிறைய ஓடறதுனால நிதானமா இருக்குன்னு சொல்லுது. அது சொல்றது சரியான்னு சரிபார்க்க இன்னிக்கு இன்னொண்ணு போடறோம். அதுக்குத்தான் வந்தேன்."

மீட்டர்காரர் எழுந்து வந்து கைகூப்பினார். "தம்பி, என் சம்சாரத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். நேரம் அதிகம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். உள்ள இருக்கறதுல ஒண்ணு ரெண்டை இன்னிக்கு மட்டும் நிறுத்தி வைக்கக் கூடாதா?"

அதிகாரி இரக்கத்துடன் அவர் தோளில் கை வைத்தார். கெட்டவர் இல்லை.

"பெரியவரே, அது ஒவ்வொண்ணும் ஒரு பிரிவு. நிறுத்திட்டா அப்படி ஒரு பிரிவு இருக்கறதே யாருக்கும் தெரியாமப் போயிடும். அங்க மனுஷங்க இருக்காங்க, குடும்பம் குட்டி இருக்கு. எங்களையே எடுத்துக்கங்க. கம்ப்யூட்டர் நிதானமா இருக்கற வரைக்கும்தான் வேகப் பிரிவு. நாளைக்கே எல்லாம் வேகமாயிட்டா எங்களை எங்க கொண்டு வைப்பாங்க? அவசரம்னா தனியா அவசர விண்ணப்பம் இருக்கே, போடலாமே."

"எங்க தம்பி போடணும்?"

"இந்தக் கம்ப்யூட்டர்லதான். திறந்ததும் போடுங்க."

அப்போது திரையில் பழைய பிரிண்டரின் படம் மறைந்து, சீட்டு அடிக்கும் சாஃப்ட்வேரின் நீலக் கட்டம் எட்டிப்பார்த்தது. கவுன்டர்காரம்மா "வந்துட்டான்! வந்துட்டான்யா!" என்று கத்தியேவிட்டாள். அதிகாரி அந்த நேரத்தில் கையில் இருந்த பென்டிரைவ் குச்சியை மெஷினில் செருகி, இரண்டு பட்டன்களைத் தட்டினார். "புதுசு ஏறிடுச்சு. ஒரு தடவை அணைச்சுப் போட்டாப் போதும்" என்றார். அவள் "சார், சார்" என்பதற்குள் அணைத்துப் போட்டுவிட்டார்.

வட்டம் மறுபடி சுற்றத் தொடங்கியது. அதிகாரி கடிகாரத்தை அழுத்தினார்.

அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மீட்டர்காரர் வாழ்க்கையில் எத்தனையோ சுற்றும் சக்கரங்களைப் பார்த்தவர். மீட்டரின் சக்கரம் சுற்றினால் எங்கோ ஒரு விளக்கு எரிகிறது, ஒரு விசிறி ஓடுகிறது, யாருக்கோ காற்று வருகிறது என்று அர்த்தம். இந்த வட்டம் சுற்றினால் என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை.

நண்பகலுக்கு முன் இயக்குநர் வந்தார், புகைப்படக்காரர்களோடு. வேக வாரத்தை இந்தக் கவுன்டரில் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. கம்ப்யூட்டர் அதற்குள் வேக வார உறுதிமொழியைத் திரையில் காட்டியபடி அப்படியே நின்றிருந்தது. இயக்குநர் அதையும் ஒரு முறை பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நான் இங்க பொறுப்பேத்தப்போ இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு சாஃப்ட்வேர்தான் இருந்தது. எவ்வளவு பின்தங்கி இருந்தோம்! வந்தவங்க சீட்டு வாங்கிட்டு உடனே போயிடுவாங்க. அவங்களுக்கும் நமக்கும் ஒரு உறவே ஏற்படாது. இன்னிக்கு அப்படியா? இதோ, இவரைப் பாருங்க." மீட்டர்காரரைக் கையைப் பிடித்து எழுப்பினார். "எப்போ வந்தீங்க ஐயா?"

"விடியக் காலையிலங்க."

"கேட்டீங்களா? விடியக் காலையில வந்தவர் முகத்துல கோபம் இருக்கா? இல்ல. ஏன்? நம்ம பெஞ்சு அப்படி! முதுகு வலிக்காத பெஞ்சு. மக்கள் ரொம்ப நேரம் உக்காரப் போறாங்கன்னு முன்னாடியே யோசிச்சு வாங்கினோம். இதுக்குப் பேர்தான் திட்டமிடல்." கைதட்டினார்கள். "ஐயா, நம்ம சேவையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க."

மைக் மீட்டர்காரரின் வாய்க்கு வந்தது. அவர் அதைப் பார்த்தார். "அவ காத்திட்டிருக்கா" என்றார். மைக்கின் சுவிட்ச் ஏற்கெனவே அணைக்கப்பட்டிருந்தது.

அவர்கள் போனபின் மாடிக்குப் போனார். நர்ஸ் கட்டிலைச் சற்று நிமிர்த்தி வைத்திருந்தாள். மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி, பயணத்துக்குக் கிளம்பியவளாகவே இருந்தாள்.

"கீழ என்ன கைதட்டல்?"

"வேக வாரமாம்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் நெடுநேரம் பேசவில்லை. அவர்களுக்குள் பேச்சில்லாத நேரம்தான் எப்போதும் அதிகம். அதில் எந்தக் குறையும் இருந்ததில்லை. இன்றைக்கு அந்த மௌனத்தில் அவரால் உட்கார முடியவில்லை.

"இந்தா பாரு. நேத்து அந்தக் கம்ப்யூட்டரை அணைச்சது நான்தான்."

"எந்தக் கம்ப்யூட்டரை?"

"சீட்டு அடிக்கறதை. சும்மா ஓடிட்டு இருந்துச்சு. சுவிட்ச் வெளியில இருந்துச்சு. அணைச்சா திரும்பத் திறக்க இவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாது. என்னாலதான் நீ இங்க கெடக்கற."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு அவளுடைய வயிறு குலுங்கியது. ஆக்சிஜன் முகமூடிக்குள் சிரிப்பு ஆவியாகப் படிந்தது. நர்ஸ் பதறி ஓடிவந்தாள். மனைவி கையை அசைத்து ஒன்றுமில்லை என்றாள். முகமூடியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

"அதானே பாத்தேன். ஆஸ்பத்திரியையே அணைச்சுட்டீங்களா?" மூச்சு வாங்கியது. சற்றுப் பொறுத்து, "இங்க வந்த அன்னிக்கு, முன் ரூம் லைட் எரியட்டும், இருட்டு வீட்டுக்குள்ள திரும்பி வர எனக்குப் பிடிக்காதுன்னு சொன்னேன்ல" என்றாள்.

"சொன்ன. விட்டுட்டுத்தான் வந்தேன்."

"வண்டில ஏறின பிறகு, சாவியை மறந்துட்டேன்னு திரும்பிப் போனீங்களே. சாவி உங்க கையிலதான் இருந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

அவர் தலைகுனிந்தார். அவள் அவருடைய கையைத் தேடிப் பிடித்தாள். அணைத்த கைதான் அது. "போங்க. போய் அங்க உக்காருங்க. இல்லன்னா வேற யாராவது போய் அணைச்சுடப் போறாங்க" என்றாள்.

கீழே வந்து கவுன்டர்காரம்மாவிடமும் சொன்னார். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் திட்டவில்லை.

"விடுங்கய்யா. அணைக்கணும்னுதான் ரூல். இந்த ஆஸ்பத்திரியில ரூல்படி நடந்த ஒரே ஆள் நீங்கதான்."

காவல் சாஃப்ட்வேர்களுக்குள் இப்போது மூன்றாவதாக அதிகாரி ஏற்றிய புதுசும் சேர்ந்து முக்கோணச் சண்டையாகியிருந்தது. அதுவும் ஓய்ந்தது. பழைய பிரிண்டரின் சாஃப்ட்வேரும் எல்லா மாடிகளிலும் தேடி முடித்தது. வெயில் பெஞ்சைத் தாண்டி எதிர்ச் சுவருக்குப் போன பிறகு, நீலக் கட்டம் வந்தது. இந்த முறை கவுன்டர்காரம்மா கத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினாள். சீட்டு வெளியே வந்தது. 'நோயாளி சொந்த விருப்பத்தின் பேரில் வீடு செல்கிறார். நிலை: திருப்திகரம்.' அதற்குக் கீழே கட்டம் கட்டமான படம்.

"ஓடுங்கய்யா!"

அவர் ஓடினார். ஓடிப் பழக்கமில்லாத கால்கள். மாடி வளைவில் ஒருமுறை சுவரைப் பிடித்து நின்றார். வார்டு வாசலில் நர்ஸ் எதிரே வந்தாள். அவருடைய கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"இப்பத்தான்யா. உங்களைக் கூப்பிட ஆள் அனுப்பலாம்னு..."

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். அவள் கிளம்பத் தயாராக வைத்திருந்த பை காலடியில் இருந்தது. அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெளியே யாரோ மெதுவாகப் பேசினார்கள். இங்கே எல்லோரும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள்.

நெடுநேரம் கழித்து நர்ஸ் வந்தாள். "ஐயா, இந்தச் சீட்டு இனிமே செல்லாது. இது உயிரோட போறவங்களுக்கு. கீழ போய் மாத்தி வாங்கிட்டு வந்தாத்தான் அம்மாவை வெளியில விடுவாங்க."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். கவுன்டர்காரம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேகப் பிரிவு அதிகாரியும் அங்கேயே இருந்தார். அன்றைய தொடக்கத்தின் நேரத்தை அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்தினார். உண்மையிலேயே அவருக்கு வருத்தமாக இருந்தது.

"இறந்தவங்களுக்கு சாஃப்ட்வேர் வேற" என்றார், தணிந்த குரலில். "அதுவும் இதுவும் ஒரே நேரத்துல ஓடாது. ஒண்ணை ஒண்ணு நம்பாது. ஒரு தடவை அணைச்சுப் போட்டுத்தான் திறக்கணும்."

கவுன்டர்காரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். திரையில் எதையோ தட்டிப் பார்த்தாள். மவுஸின் அம்பு நகரவில்லை. முக்கோணச் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது.

"உள்ளேருந்து அணைய மாட்டேங்குது. சுவிட்சைத்தான் அணைக்கணும்" என்றாள். போர்டு வெளியே, பெஞ்சுக்கு மேலே இருந்தது. மீட்டர்காரரின் தோளுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். "ஐயா, கொஞ்சம்... அந்த சுவிட்சை அணைச்சுட்டுப் போடறீங்களா?"

மீட்டர்காரர் போர்டைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கை மடியிலேயே கிடந்தது. அதை எழுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. கை எழவில்லை.

"ஐயா?"

"நீங்க யாராவது அணைங்கம்மா" என்றார். எழுந்து, பையைத் தோளிலிருந்து எடுத்துப் பெஞ்சின்மேல், தான் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தார். "அது திறக்கறதுக்குள்ள நான் ஒரு எட்டு வீட்டுக்குப் போய் வந்துடறேன். முன் ரூம்ல லைட் போடணும். இருட்டு வீட்டுக்குள்ள வர அவளுக்குப் பிடிக்காது."